புழுக்கையைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்

நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரி. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலை. காலை ஏழரைக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். இப்படி வேலைக்குப் போகிறவர்கள் முயல் வளர்க்க முடியுமா என்று ஆபீசிலேயே பலர் கேட்டுவிட்டார்கள். முடியும். முயல் துள்ளித் திரிவது விடியலிலும் அந்தியிலும்தான். நாம் வீட்டில் இல்லாத பகலில் பெரும்பாலும் அது தூங்கும். ஆனால் நோவு வந்தால் கத்தாது, வெளியே காட்டாது. பகலில் என்ன ஆனது என்பதை அது போட்ட புழுக்கையையும் மிச்சம் வைத்த புல்லையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து வருஷம்கூட உயிரோடு இருக்கும் பிராணி. அவ்வளவு நாளும் இதைச் செய்ய மனசிருந்தால் வாங்குங்கள்.

எங்கள் பக்கம் இறைச்சிக்கு முயல் வளர்க்கும் பண்ணைகள் உண்டு. சந்தையில் கூடையில் விற்பதை வாங்குவதைவிட நேரே பண்ணைக்குப் போய் தாயையும் பார்த்து வாங்குவது நல்லது. எட்டு வாரம் ஆகாத குட்டி வேண்டவே வேண்டாம். பால் மறக்காத குட்டி இடம் மாறினால் கழிச்சலில் போய்விடும். வெள்ளை நியூசிலாந்து, சாம்பல் நிறச் சோவியத் சின்சில்லா என்ற இனங்கள், இவற்றின் கலப்பு எல்லாம் நம் ஊருக்குச் சரி. சடை சடையாக ரோமம் தொங்கும் அங்கோரா பாலக்காட்டு வெயிலில் படாத பாடுபடும்.

கையில் எடுத்ததும் முன்னங்காலின் உட்பக்கத்தைப் பாருங்கள். சளி பிடித்த முயல் மூக்கை அங்கேதான் துடைக்கும், ரோமம் ஒட்டிப்போய் இருக்கும். காதுக்குள் பழுப்பாகப் பொருக்கு இருந்தால் சொறி. மேல்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் ஒழுங்காக இறங்க வேண்டும். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கோணலாக இருந்தால் ஆயுசு முழுக்க வெட்டிவிட வேண்டிவரும். ஆசன வாய் காய்ந்து சுத்தமாக இருக்கட்டும். வயலில் கிடைத்தது என்று யாராவது காட்டு முயல் குட்டி கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம்.

ஒன்றா, இரண்டா? பகலெல்லாம் ஆள் இல்லாத வீட்டுக்கு இரண்டுதான் நல்லது. முயல் துணை தேடும் பிராணி. நான் எருத்தேம்பதிப் பக்கம் ஒரு பண்ணையில் இரண்டு குட்டி வாங்கினேன். "ரெண்டும் பொட்டைதானுங்க அம்மிணி" என்றார் பண்ணைக்காரர். ஐந்தாம் மாதம் ஒரு நாள் காலையில் வெள்ளை முயல் தன் நெஞ்சு ரோமத்தையே பிய்த்து வைக்கோலோடு மூலையில் சேர்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஆறு குட்டி. முயலுக்குச் சினைக்காலம் ஒரு மாதம்தான், ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். அதனால் மூன்று மாதத்துக்குள் டாக்டரிடம் காட்டி ஆண் எது, பெண் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளியே வைக்க வேண்டும். முயல் பார்க்கத் தெரிந்த டாக்டர் எல்லா மிருகாஸ்பத்திரியிலும் கிடைப்பதில்லை. எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருச்சூர் மண்ணுத்தியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிதான். போன் செய்து கேட்டுக்கொண்டு, ஒரு நாள் லீவு போட்டுப் போக வேண்டும்.

இனி வெயில். இதில் நான் பறிகொடுத்திருக்கிறேன். முதலில் வளர்த்த முயலைத் தகரக் கூரை போட்ட பின்கட்டில் விட்டிருந்தேன். ஒரு ஏப்ரல் மாத மத்தியானம், நான் ஆபீசில் இருந்தபோதே அது செத்துப்போனது. கூண்டில் தண்ணீர் நிறைய இருந்தது. முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் இறக்கும். முப்பது டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் தவிப்புதான், இங்கே மார்ச், ஏப்ரலில் நாற்பதைத் தொடும். இப்போது வீட்டுக்குள் வடக்குப் பார்த்த அறையில், சிமெண்டுத் தரையில் விட்டிருக்கிறேன். கிளம்பும்போது ஃப்ரீசரில் உறைந்த இரண்டு தண்ணீர் பாட்டிலைப் பழைய துண்டில் சுற்றி வைப்பேன், அதில் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும், பாட்டில்தான் கைகொடுக்கும். தண்ணீர் கனமான மண்சட்டியில், இரண்டு இடத்தில். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

கம்பித் தரைக் கூண்டில் போட்டால் உள்ளங்கால் புண்ணாகும். அறையிலேயே விடுவதென்றால் ஒயர்களைக் குழாய்க்குள் போடுங்கள், எட்டினால் கடித்துவிடும்.

தீனியில் முக்கால்வாசிக்கு மேல் புல்தான். மருந்தடிக்காத வரப்பில் அருகம்புல் அறுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்துச் சாக்கில் கட்டி வைக்கிறேன். மழைக்காலத்தில் பூசணம் பிடித்ததை ஒரு பிடிகூடப் போடக் கூடாது. கொத்தமல்லித் தழையும் கொஞ்சம் முருங்கைக்கீரையும் சாயங்காலம். கேரட் முயலின் சாப்பாடு இல்லை, கட்டைவிரல் நுனி அளவு போதும். சோறு, பிஸ்கட், வெங்காயம் ஆகாது. புதுக் குட்டிக்குப் பண்ணைத் தீவனத்தையே கொடுத்து, பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள்.

இப்போது புழுக்கைக்கு வருவோம். நல்ல புழுக்கை கறுப்புக் கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, காய்ந்து இருக்கும். விரலால் நசுக்கினால் மரத்தூள் மாதிரி புல் நார் உதிரும். முசுக்கொட்டைப் பழம்போல மினுமினுப்பாகக் கொத்தாக வருவது வேறு, அதை முயலே வாய் வைத்துத் தின்றுவிடும், அதுதான் அதற்குச் சத்து. தடுக்காதீர்கள்.

போன வருஷம் விருந்துக்கு வந்த பிள்ளைகள் எங்கள் தவிட்டு நிற முயலுக்கு முறுக்கு கொடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் காலையில் வைத்த புல் அப்படியே கிடக்கிறது. புழுக்கை விழும் தட்டில் பதினைந்து இருபது புழுக்கை, அதுவும் மிளகு அளவில். முயல் மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, குடல் நின்றால் நின்றதுதான். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தால் அதுவே அவசரம். அன்றைக்கே டாக்டரிடம் ஓடினேன். வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றினார். விடியக்காலை ஐந்து மணிக்கு ஐந்தாறு புழுக்கை விழுந்திருந்தது, அப்புறம்தான் நான் கண்ணை மூடினேன்.

நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தை முயலுக்கு அடிக்காதீர்கள், அதில் இருக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். வீட்டில் மிச்சம் இருக்கும் அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக் மருந்தை வாயில் ஊற்றுவதும் உயிருக்கு ஆபத்து.

ஊருக்குப் போவதென்றால் தீனி வைக்க மட்டும் ஆள் பிடித்தால் போதாது, பார்க்கவும் பழக்க வேண்டும். போன மாதம் நாங்கள் இரண்டு நாள் பழனிக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டுச் சேச்சி காலையும் மாலையும் தட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார்.