மூச்சுப் பயிற்சியில பலரும் பண்ற தப்புங்க

"நல்லா ஆழமா இழுங்க, உடம்புக்கு நெறைய ஆக்சிஜன் போகும்"னு சொல்றத எல்லாரும் கேட்டிருப்போம். பாதி தப்பு அங்கருந்துதான் ஆரம்பிக்குது. ஆரோக்கியமா இருக்கற ஒருத்தர் சும்மா உக்காந்திருக்கும்போது விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர மாட்டிப் பாத்தா 95லேர்ந்து 100 வரைக்கும் காட்டும், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் ஏற்கனவே கிட்டத்தட்ட ஃபுல்லாதான் இருக்கு, புஸ்ஸு புஸ்ஸுன்னு இழுத்தாலும் அதுக்கு மேல ஏத்தறதுக்குப் பெருசா எடமில்ல. ஆனா அப்படி வேகமா இழுத்து விடும்போது கார்பன் டை ஆக்சைடு மட்டும் தேவைக்கு மேல வெளிய போயிடும். அத நாம வெறும் கழிவுன்னு நெனச்சிட்டிருக்கோம், ஆனா அடுத்த மூச்ச எடுன்னு மூளைக்குச் சொல்றதே முக்கியமா அதோட அளவுதான். அது ரொம்பக் கொறஞ்சா மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கற ஹீமோகுளோபினும் அத திசுக்களுக்கு லேசுல விட்டுத்தராம பிடிச்சு வெச்சுக்கும். இந்த ரெண்டாவது விஷயத்த 1904லயே கண்டுபிடிச்சு சொன்னவர் கிறிஸ்டியன் போர், அணு விஞ்ஞானி நீல்ஸ் போரோட அப்பா.

இது உடம்புல எப்படித் தெரியும்னா மொதல்ல தலை லேசா கிறங்கும், அப்பறம் உதட்டச் சுத்தி மரத்துப்போன மாதிரி இருக்கும், விரல் நுனில ஊசி குத்தும், அப்பவும் நிறுத்தாம பண்ணா விரலெல்லாம் தானா மடங்கி இழுத்துக்கும். இதப் போய் சக்தி ஏறுதுன்னு சொல்லிக்குடுக்கறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு நம்பாதீங்க, உடம்பு போதும்னு சொல்லுது, அவ்ளோதான்.

அடுத்தது மேல்மூச்சு. தோள் ஏறி எறங்குது, கழுத்து நரம்பு பொடச்சுக்குது, வயிறு மட்டும் இறுக்கிப் பிடிச்ச மாதிரியே இருக்கு. இதுல என்ன நஷ்டம்னு ஒரு சின்ன கணக்கு போட்டாலே புரியும். ஒவ்வொரு மூச்சுலயும் சுமார் 150 மில்லி காத்து மூக்குலயும் மூச்சுக்குழாய்லயுமே தங்கிடும், ரத்தத்தோட கலக்கற எடத்துக்கே போகாது. நிமிஷத்துக்கு 12 மூச்சு, ஒவ்வொண்ணும் 500 மில்லின்னா மொத்தம் 6 லிட்டர், அதுல உபயோகமாகறது 4.2 லிட்டர். அதே 6 லிட்டர 24 மூச்சா, 250 மில்லி 250 மில்லியா மேலோட்டமா எடுத்தீங்கன்னா உபயோகமாகறது வெறும் 2.4 லிட்டர்தான். உழைப்பு அதிகம், பலன் பாதிக்குக் கிட்ட.

சரி பண்ணனும்னா மல்லாந்து படுத்து, முட்டிய மடக்கி, ஒரு கைய நெஞ்சுலயும் ஒரு கைய தொப்புளுக்கு மேலயும் வெச்சுக்கோங்க. உள்ள இழுக்கும்போது கீழ் கை மேல வரணும், மேல் கை கிட்டத்தட்ட அசையாம இருக்கணும். இங்கயும் ஒரு தப்பு நடக்கும், வயித்து மூச்சுன்னதும் தொப்பைய வேணும்னே முன்னாடி தள்ளுவாங்க, ஆனா காத்து உள்ள போயிருக்காது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசையான உதரவிதானம் கீழ எறங்கும்போது வயிறு தானா எழும்பும், நீங்க தள்ள வேண்டாம். கீழ் விலா எலும்பு ரெண்டு பக்கமும் லேசா விரியுதான்னு பாருங்க, அதான் சரியான அடையாளம்.

ரிலாக்ஸ் ஆகறதுக்காக பண்றவங்க கவனிக்காம விடறது வெளிமூச்ச. மணிக்கட்டுல நாடியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா மூச்சு விட்டுப் பாருங்க, இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொறையும், சில பேருக்கு இது தெளிவாவே தெரியும். அதனால மனசு அடங்கணும்னா இழுக்கறத விட விடறது நீளமா இருக்கணும். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விட்டா நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும், பெரும்பாலானவங்களுக்கு இது போதும், 5 நிமிஷம் பண்ணாலே வித்தியாசம் தெரியும். அத விட்டுட்டு எடுத்த எடுப்புலயே 4-7-8 (4 எண்ணி இழுத்து, 7 எண்ணி அடக்கி, 8 எண்ணி விடறது), இல்லன்னா பிராணாயாமத்துல இதே வரிசைல சொல்ற 16-64-32 கணக்குன்னு எறங்கி மூச்ச அடக்கி மூஞ்சி செவக்கறது வேண்டாத வேலை. அடுத்த மூச்ச லபக்குன்னு அவசரமா இழுக்கறீங்கன்னா எண்ணிக்கை உங்களுக்கு அதிகம்னு அர்த்தம், 3 இழுத்து 4 விடுங்க, ஒண்ணும் கொறஞ்சு போயிடாது.

உடற்பயிற்சிக்கு வருவோம். வெயிட் தூக்கும்போது மூச்சப் பிடிச்சு முக்கறது சாதாரணமா நடக்கற விஷயம், ஆனா அந்த சில விநாடில பிபி எக்கச்சக்கமா ஏறும், கனமான லெக் பிரஸ் (காலால வெயிட்ட தள்ளற பயிற்சி) பண்றப்போ மேல் அளவு 300ஐத் தாண்டினதை அளந்தே பாத்திருக்காங்க. அனுபவசாலிங்க ரொம்ப கனமான வெயிட்டுக்கு முதுகப் பாதுகாக்க தெரிஞ்சே பிடிப்பாங்க, அது வேற. பிபி, இதய நோய், குடலிறக்கம், கிளாக்கோமாங்கற கண் அழுத்த நோய் இருக்கறவங்களுக்கு அது வேண்டாம், தூக்கும்போது விடுங்க, எறக்கும்போது இழுங்க. ஓடும்போது மூக்கால மட்டும்தான் விடணும்னு பிடிவாதம் பிடிக்கறதும் தேவையில்ல. நிதானமான ஓட்டத்துக்கு மூக்கு நல்லது, காத்த வடிகட்டி சூடாக்கி ஈரமாக்கி அனுப்பும், ஆனா முழு வேகத்துல நிமிஷத்துக்கு 100 லிட்டர் வரைக்கும் கூட காத்து தேவைப்படலாம், அப்ப வாய் தொறக்கறது இயல்பு.

ரொம்ப ஆபத்தான தப்பு ஒண்ணு இருக்கு, இத மட்டும் தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நீச்சல்ல ரொம்ப நேரம் முங்கணும்னு முன்னாடியே வேக வேகமா மூச்சு விடறது. கார்பன் டை ஆக்சைடு ஏறினாதான் மூச்சு முட்டும், அத முன்கூட்டியே வெளியேத்திட்டா அந்த எச்சரிக்கை வர்றதுக்குள்ள ஆக்சிஜன் சத்தமில்லாம எறங்கி தண்ணிக்குள்ளயே நினைவு போயிடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே இப்படி செத்திருக்காங்க. வேகமா மூச்சு விட்டு அப்பறம் அடக்கற எந்தப் பயிற்சியையும் தண்ணிலயோ வண்டி ஓட்டும்போதோ பண்ணவே கூடாது.

கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான பயிற்சிங்கள கர்ப்பிணிங்க பண்ணக்கூடாது, கட்டுப்படாத பிபி, வலிப்பு, குடலிறக்கம் இருக்கறவங்களும் தவிர்க்கணும், சாப்ட்ட உடனேயும் வேண்டாம். பதட்டத்துல மூச்சு வாங்கறவங்கள பாத்து "நல்லா இழு, நல்லா இழு"ன்னு சொல்லாதீங்க, ஏற்கனவே அதிகமா இழுத்துட்டுதான் இருக்காங்க, மெதுவா வெளிய விடச் சொல்லுங்க. பேப்பர் பையக் குடுத்து அதுக்குள்ள மூச்சு விட வைக்கறதும் வேண்டாம், அது ஆஸ்துமாவோ மாரடைப்போவா இருந்தா நெலம மோசமாகும். ஆஸ்துமா இருக்கறவங்க மூச்சுப் பயிற்சி தாராளமா பண்ணலாம், ஆனா அத நம்பி டாக்டரக் கேக்காம இன்ஹேலர நிறுத்தாதீங்க. நெஞ்சு வலி, உதடு நீலம் பூக்கறது, ஒரு முழு வாக்கியம் பேச முடியாம மூச்சு திணறுறதுன்னு எது வந்தாலும் பயிற்சிய அங்கயே விட்டுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.