அடைக்கோழியை என்ன செய்வது?

முட்டையை எடுத்த பிறகும் கூட்டை விட்டு இறங்காமல், கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வருகிறதா? கோழி அடைக்கு வந்துவிட்டது, அதாவது முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கப் பார்க்கிறது.

குஞ்சு வேண்டுமென்றால் கூடையில் வைக்கோல் பரப்பி, இட்டு ஒரு வாரம் தாண்டாத 10 முட்டைகளை இருட்டிய பிறகு வையுங்கள். ஒவ்வொன்றிலும் கரிக்கோடு போடுவது முக்கியம். மற்ற கோழிகளும் அதே கூடையில் இட்டுவிடும். கோடில்லாததை அன்றே எடுக்காவிட்டால், 21ஆம் நாள் பொரித்த குஞ்சுகளோடு தாய் இறங்கிவிடும், பிந்திய கரு குளிர்ந்து செத்துவிடும். 7ஆம் நாள் இரவில் முட்டைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்போடாமல் தெளிவாகத் தெரிந்தால் கரு இல்லை.

குஞ்சு வேண்டாமா? அடியில் கம்பிவலை போட்ட கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, வைக்கோல் இல்லாமல், தீவனமும் தண்ணீரும் கொடுத்து, கோழியை 3, 4 நாள் அதில் அடைத்து வையுங்கள். அடிவயிற்றில் காற்றுப்பட்டுச் சூடு தணிந்தால் அடை தெளியும். அடை தெளியட்டும் என்று கோழியின் மூக்கில் இறகு குத்துவது வெறும் சித்திரவதை, செய்யவே செய்யாதீர்கள்.