அலாஸ்காவின் தொலைதூர ஊர்களில் வேட்டையும் மீனும் கணக்கெடுப்பது எப்படி?

அலாஸ்காவில் சாலையே போகாத ஊர்கள் நூற்றுக்கும் மேல். அங்கே கடையில் விற்கும் இறைச்சியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சரக்கெல்லாம் விமானத்திலோ கோடையில் வரும் சரக்குப் படகிலோ வருவதால் விலை கட்டுப்படியாகாது. வீட்டு ஃப்ரீசரில் இருப்பது மூஸ் (பெரிய மான் வகை), கரிபூ (கலைமான்), சால்மன் மீன், சீல் எண்ணெய், பெர்ரி. இப்படிச் சொந்தச் சாப்பாட்டுக்கும் உறவுகளுக்குப் பங்கு கொடுக்கவும் வேட்டையாடி மீன்பிடிப்பதை அங்கே எல்லாரும் ‘சப்சிஸ்டன்ஸ்’ என்கிறார்கள். ஓர் ஊர் ஓராண்டில் எதை எவ்வளவு எடுத்தது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவதற்கென்றே மாநில மீன் மற்றும் வேட்டைத் துறையில் 1978 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. மானுடவியலோ மீன்வளமோ படித்துவிட்டு இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கான குறிப்புகள் இவை.

முதலில் எண்ணின் எடையைப் புரிந்துகொள்ளுங்கள். மீனோ விலங்கோ குறைந்துபோகும் ஆண்டில் யாருக்கு முதல் உரிமை என்ற கேள்வி வரும். 1980-ல் வந்த கூட்டரசுச் சட்டம், கூட்டரசு நிலங்களில் நாட்டுப்புற மக்களுக்கு அந்த முன்னுரிமையைத் தந்தது. மாநிலம் அதே முன்னுரிமையைத் தருவது மாநில அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது என்று 1989-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990 முதல் கூட்டரசு நிலத்துக்கு ஒரு நிர்வாகம், மற்ற இடங்களுக்கு மாநில நிர்வாகம் என்று இரண்டாகிவிட்டது. 1999-ல் ஆறுகளின் மீன்பிடியும் இந்த இரட்டை ஏற்பாட்டுக்குள் வந்தது. இரண்டு நிர்வாகங்களும் மேசையில் வைத்துப் பார்ப்பது நீங்கள் எடுக்கும் கணக்கைத்தான். உங்கள் எண் குறைவாகப் போனால், அந்தப் பகுதிக்குத் ‘தேவையான அளவு’ என்று மாநிலம் எழுதி வைப்பதும் குறைவாகவே இருக்கும். அதைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆகலாம்.

அனுமதி: மூன்று கதவுகள்

ஓர் ஊரில் பெரும்பாலும் மூன்று அமைப்புகள் இருக்கும்: பழங்குடி மன்றம், நகர அலுவலகம், 1971-ன் நில உரிமைச் சட்டத்தால் உருவான ஊர்க் கார்ப்பரேஷன் (நகராட்சி அல்ல, பழங்குடியினர் பங்குதாரர்களாக இருந்து நிலத்தை வைத்திருக்கும் நிறுவனம்). ஆய்வுக்கு ஒப்புதல் தர வேண்டியது மன்றம். தங்குவதற்கு இடம் நகர அலுவலகத்திலோ பள்ளியிலோ கிடைக்கும். ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் நடமாட வேண்டுமானால் கார்ப்பரேஷனிடமும் கேட்க வேண்டும். ஒருவரிடம் வாங்கிய சம்மதத்தை மற்ற இருவருக்கும் பொருத்திவிட்டு வேலையைத் தொடங்கினால் பாதியில் நிற்பீர்கள்.

மன்றத்துக்கு முதலில் கடிதம், பிறகு நேரில் ஒரு கூட்டம். கூட்டத்தில் நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பணம் யாருடையது, கேள்விகள் எவை (படிவத்தையே கையில் கொடுங்கள்), தரவு யாரிடம் இருக்கும், அச்சாவதற்கு முன் ஊர் பார்க்குமா. கடைசிக் கேள்விக்கு ‘பார்க்கும்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. மன்றம் எழுத்தில் தீர்மானம் தந்த பிறகுதான் விமானச் சீட்டு. மன்றம் மறுத்தால் அந்த ஊரை விட்டுவிடுங்கள்.

மக்களின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. வசந்தகாலத்தில் வாத்து சுடுவது நெடுங்காலம் சட்டவிரோதமாக இருந்தது. 1961-ல் பாரோ (இன்றைய உட்கியாக்விக்) ஊரில் ஒருவர் கைதானதும், நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆளுக்கொரு வாத்துடன் வந்து ‘எங்களையும் பிடியுங்கள்’ என்று நின்றார்கள். ஒழுங்குபடுத்தப்பட்ட வசந்தகால வேட்டை நடைமுறைக்கு வந்தது 2003-ல்தான். அந்த நினைவு இன்னும் உண்டு. ஆகவே உங்கள் தாள் எந்த அமலாக்க அதிகாரியின் கைக்கும் போகாது என்பதை முதலிலேயே சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

எப்போது போவது

ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது போனால் முந்தைய 12 மாதங்கள் முழுதாக முடிந்திருக்கும், ஆட்களும் வீட்டில் இருப்பார்கள். ஜூன், ஜூலையில் எல்லாரும் ஆற்றங்கரை மீன் முகாமில் இருப்பார்கள். செப்டம்பரில் மூஸ் வேட்டை. ஊரில் சாவு விழுந்தால் அன்றே வேலையை நிறுத்துங்கள். மறுபடி எப்போது தொடங்கலாம் என்பதை மன்றம் சொல்லட்டும்.

சிறு விமானத்தில் எடை பார்ப்பார்கள், வானிலை கெட்டால் நாட்கணக்கில் விமானமே வராது. திட்டமிட்டதைவிட மூன்று நாள் கூடுதலாகச் சாப்பாடு, ஸ்லீப்பிங் பேக், தலைவிளக்கு, பென்சில் (குளிரில் பேனா எழுதாது) கொண்டுபோங்கள். பல ஊர்களில் மது முழுத் தடை; ஒரு பாட்டில் அகப்பட்டாலும் உங்களோடு சேர்த்து ஆய்வும் போய்விடும்.

வீட்டுப் பட்டியலும் உள்ளூர் உதவியாளரும்

ஊர்க்காரர் ஒருவரையாவது கூலிக்கு அமர்த்துங்கள், முடிந்தால் இருவரை. அவர்களோடு உட்கார்ந்து ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் போடுங்கள்: குடியிருப்பது, காலி, ஆண்டில் சில மாதம் மட்டும் ஆள் இருப்பது. எத்தனை மாதம் ஊரில் இருந்தால் அந்த வீடு கணக்கில் சேரும் என்பதை இப்போதே முடிவு செய்து எழுதிவையுங்கள். புதிதாக வந்த பள்ளி ஆசிரியர் வீடு போன்றவற்றில்தான் பின்னால் குழப்பம் வரும். படிவத்தில் எண் மட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் தனிப் பூட்டில்.

நூறு வீட்டுக்குள் இருக்கும் ஊரென்றால் எல்லா வீட்டுக்கும் போக முயலுங்கள். காரணம் இருக்கிறது. இந்த ஊர்களில் பொதுவாக 30 சதவீத வீடுகள்தான் ஊர் உண்ணும் காட்டு உணவில் 70 சதவீதத்தைக் கொண்டுவருகின்றன. மிச்ச வீடுகளுக்கு அவர்களிடமிருந்து பங்கு போகிறது. அப்படி ஒரு பெரிய குடும்பம் விட்டுப்போனால் ஊரின் கணக்கே சரிந்துவிடும். சில வீடுகளை மட்டும் தேர்ந்து கேட்கும் இடத்தில், எந்த வீடுகள் அதிகம் எடுக்கின்றன என்று மன்றத்திடம் முன்கூட்டியே கேட்டு, அவற்றைத் தனிப் பிரிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறை மேசையில்

வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள். ஒரு கேள்வி கேட்டதும் பதில் வராமல் போகலாம். அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். அந்த மௌனத்தில் அவர் எண்ணிக்கொண்டிருப்பார். யூபிக், இனுபியாக் பழங்குடியினரின் ஊர்களில் புருவத்தை மேலே உயர்த்தினால் ‘ஆம்’, மூக்கைச் சுருக்கினால் ‘இல்லை’. தாளையே பார்த்து எழுதிக்கொண்டிருப்பவர் இந்தப் பதிலைத் தவறவிட்டு, கேட்டதையே திரும்பக் கேட்டு எரிச்சலூட்டுவார். வரும் ஆண்டு எத்தனை விலங்கு எடுப்பீர்கள் என்று கேட்கவே கூடாது. விலங்கு தன்னைத் தருகிறது என்று நம்புகிறவரிடம் அது பெருமை பேசச் சொல்வதாகும். கரடியைப் பற்றிப் பேசுவதற்குப் பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. உதவியாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஐந்து கேள்விகள்: பயன்படுத்தினீர்களா, தேடிப் போனீர்களா, எத்தனை கிடைத்தது, யாருக்காவது கொடுத்தீர்களா, யாராவது கொடுத்தார்களா. தேடிப் போய்க் கிடைக்காத வீடும் போகவே போகாத வீடும் ஒன்றல்ல. 2024-ல் யூகான் ஆற்றில் கிங் சால்மன் பிடிப்பதை ஏழாண்டுக்கு நிறுத்திவைக்க அலாஸ்காவும் கனடாவும் உடன்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் வெறும் பூஜ்யத்தை மட்டும் எழுதினால், பின்னால் படிப்பவர் இவர்களுக்கு அந்த மீன் வேண்டாம்போல என்று நினைப்பார். பூஜ்யத்தின் பக்கத்தில் காரணம் இருக்க வேண்டும்.

மீனுக்கு ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு அப்படியே எழுதாதீர்கள். குஸ்கோக்விம் ஆற்றுப் பக்கம் ‘சில்வர்’ என்றால் கோஹோ சால்மன். யூகானின் சில ஊர்களில் இலையுதிர்காலத்துச் சம் சால்மனையும் அப்படிச் சொல்வார்கள். ‘வொயிட்ஃபிஷ்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து இனம். படப் பலகையை மேசையில் வைத்து விரலால் காட்டச் சொல்லுங்கள்.

அளவும் அப்படித்தான். பெர்ரியை 5 கேலன் பக்கெட்டில் சொல்வார்கள். பக்கெட் நிறைந்திருந்ததா, பாதியா என்று கேளுங்கள். ஒரு கேலனுக்கு 4 பவுண்டு, நிறை பக்கெட் 20 பவுண்டு. உலர்மீனை எடையாகக் கேட்காதீர்கள், முழு மீனாக இருந்தபோது எத்தனை என்று கேளுங்கள். எதில் பிடித்தது என்பதற்குத் தனித்தனிக் கட்டம்: வலை, மீன் சக்கரம் (ஆற்றோட்டத்தில் சுழன்று மீனை அள்ளும் பொறி), தூண்டில், விற்பனைக்குப் பிடித்ததிலிருந்து வீட்டுக்கு எடுத்துவைத்தது. நாய்களுக்குப் போட்ட மீனை மறக்காமல் கேளுங்கள், அது வேறு கட்டம்.

இரட்டைக் கணக்குதான் பெரிய பள்ளம். அண்ணன், தம்பி, மாமா மூவரும் ஒரே படகில் போய் ஒரு மூஸ் கொண்டுவந்திருப்பார்கள். மூன்று வீட்டிலும் ‘ஒன்று’ என்று பதில் வரும். மீனென்றால் ‘உங்கள் பங்கு மட்டும்’ என்று கேளுங்கள். பெரிய விலங்கென்றால் சுட்டவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று கேட்டு, அந்த வீட்டில் மட்டும் எழுதுங்கள். மற்ற இரு வீடும் ‘பெற்றது’ என்ற கட்டத்தில் வரும். எந்த மாதம், ஆணா பெண்ணா என்பதையும் கேட்டுவைத்தால் மாலையில் ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம்.

அன்றைய மாலை

படிவங்களை அன்றே பாருங்கள். மறுநாள் அந்த வீட்டுக்குத் திரும்பப் போக முடியும். நகரத்துக்குத் திரும்பிய பிறகு முடியாது. முக்கியமாகத் தேட வேண்டியது வெற்றுக் கட்டம். ஓர் உதாரணம்: 60 வீட்டு ஊரில் 45 வீட்டில் கேட்டீர்கள், மொத்தம் 18 மூஸ். சராசரி 0.4, ஊருக்கு 24 மூஸ். ஆனால் அந்த 45-ல் 5 படிவத்தில் மூஸ் கேள்வி கேட்காமலே விட்டுப்போயிருந்தால் வகுக்க வேண்டியது 40-ஆல். சராசரி 0.45, ஊருக்கு 27 மூஸ். பல அறிக்கைகளில் ஒரு மூஸுக்கு உண்ணக்கூடிய எடை 540 பவுண்டு என்று கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் 1,620 பவுண்டு இறைச்சி, ஐந்து வெற்றுக் கட்டத்தில் காணாமல் போகிறது. இல்லை என்றால் 0 போடுங்கள், கேட்கவில்லை என்றால் அதற்கென்று வேறு குறி.

எண்களைக் கணினியில் இரண்டு முறை, இரண்டு ஆட்கள் தனித்தனியாக ஏற்றி ஒப்பிடுங்கள். எடை மாற்று எண்களைப் பகுதிக்கேற்ப எடுங்கள்: கரிபூவுக்கு வடமேற்கில் 136 பவுண்டு, வேறு சில இடங்களில் 150. எதைப் பயன்படுத்தினீர்கள் என்பது அறிக்கையில் அட்டவணையாகவே இருக்க வேண்டும்.

திரும்பப் போவது

வரைவு தயாரானதும் ஊருக்குத் திரும்பிப் போய்க் கூட்டம் போடுங்கள், சாப்பாட்டோடு. அட்டவணையை வாசிக்காமல், ‘இந்த ஆண்டு ஊருக்கு இத்தனை மூஸ் என்று வருகிறது, சரியாகப் படுகிறதா?’ என்று கேளுங்கள். முதியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் உங்கள் எண்ணும் ஒத்துவராவிட்டால் மீண்டும் படிவங்களுக்குப் போங்கள். பிழை இல்லையென்றால் இரண்டையும் அறிக்கையில் எழுதுங்கள்.

வரைபடங்களை இந்தக் கூட்டத்தில்தான் இறுதி செய்ய வேண்டும். தனி வேட்டைக்காரரின் இடம் தெரியும்படி எந்தப் புள்ளியும் இருக்கக்கூடாது; எல்லாரும் போன இடங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே பரப்பாகக் காட்டுங்கள். முட்டை எடுக்கும் பாறை, பெர்ரிக் காடு போன்றவற்றை வெளியிட வேண்டாம் என்று மன்றம் சொன்னால் நீக்கிவிடுங்கள். அச்சடித்த பிரதிகள் மன்றத்துக்கும் பள்ளிக்கும் போக வேண்டும், கேட்கும் வீட்டுக்கும் ஒன்று. பெயரும் எண்ணும் சேர்ந்த அந்தத் தாளை அழித்துவிட்டு, அழித்ததாக மன்றத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.