தண்ணீர் வரும் நேரத்தை ஒட்டி வீட்டைச் சுத்தமாக வைத்திருத்தல்: வடசென்னைக் குடும்பங்களுக்கான செய்முறை

இராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் போன்ற பகுதிகளில் ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை என்ற அளவிலான போர்ஷன்களில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளோடு ஒரு குடும்பமே வாழும் வீடுகள் ஏராளம். வீட்டுச் சுத்தம் பற்றிய குறிப்புகள் பலவும் எந்நேரமும் குழாயில் தண்ணீர் கொட்டும் என்றும், ஒவ்வொரு பொருளுக்கும் தனி அலமாரி உண்டு என்றும் எண்ணிக்கொண்டு எழுதப்படுகின்றன. நம் வீடுகளில் எந்த வேலையை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதைத் தண்ணீரே தீர்மானிக்கிறது. ஆகவே புதிதாகக் குடித்தனம் தொடங்குவோர் துடைப்பத்தைக் கையில் எடுக்கும் முன்பு தண்ணீரிலிருந்து தொடங்குவது நல்லது.

முதல் படி: தண்ணீரைப் பிரித்தல்

பெரும்பாலான வீடுகளில் மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது: குடிநீர் வாரியக் குழாயிலோ அடிபம்பிலோ லாரியிலோ கிடைக்கும் நல்ல தண்ணீர், போர்வெல்லிலிருந்து மோட்டார் ஏற்றும் உப்புத் தண்ணீர், குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீர். எந்த வேலைக்கு எது என்பதை முதலிலேயே முடிவு செய்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். சமையலுக்கும், துணியைக் கடைசியாக அலசுவதற்கும், கண்ணாடி, எவர்சில்வர் போன்ற பளபளப்பான பரப்புகளைத் துடைப்பதற்கும் நல்ல தண்ணீர். கழிப்பறைக்கும் வாசல் கழுவுவதற்கும் உப்புத் தண்ணீர். இந்த ஒழுங்கு இல்லாத வீட்டில் காலையில் நல்ல தண்ணீரால் வாசலைக் கழுவிவிட்டு, மாலையில் வெள்ளைச் சட்டையை உப்புத் தண்ணீரில் அலச வேண்டியிருக்கும்.

உப்புத் தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்பை நுரைக்கவிடாமல் தடுப்பதோடு, குழாயின் வாயிலும் வாளியின் விளிம்பிலும் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்கின்றன. சோப்புத்தூளைக் கூட்டினால் இந்தப் படிவம் போகாது. எலுமிச்சைத் தோலையோ வினிகரில் நனைத்த துணியையோ குழாயின் மேல் அரை மணி நேரம் சுற்றி வைத்துவிட்டுத் தேய்த்தால் பெரும்பகுதி கழன்றுவிடும். மொசைக் தரையில் மட்டும் எலுமிச்சை, வினிகர், ஆசிட் ஆகிய எதையும் ஊற்றக் கூடாது. அதிலுள்ள சலவைக்கல் சில்லுகளை அமிலம் அரித்துவிடும், போன பளபளப்பு தேய்த்தால் திரும்பாது. பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், அண்டா, குடம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை முழுவதும் காலிசெய்து, உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரையே நாடுகிறது. அதன் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரம் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவதால் மட்டும் பயனில்லை. முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. வாரக் கணக்கு அதனால்தான். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய்த் தொட்டி ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம். எந்த நாளில் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறதோ அந்த நாளையே டிரம் கழுவும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தூசியை வாசலில் நிறுத்துதல்

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகளை ஒட்டிய வீடுகளிலும், எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளின் பக்கத்து வீடுகளிலும் காலையில் துடைத்த தரை மாலையில் காலில் நறநறக்கும். இந்தத் தூசியை முழுவதும் வெல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, உள்ளே வரும் அளவைக் குறைப்பதே வழி. வாசற்படிக்கு வெளியே முரட்டுத் தேங்காய்நார் மிதியடியும், உள்ளே பழைய பருத்திப் புடவையை மடித்துத் தைத்த மிதியடியும் போட்டு, இரண்டுக்கும் இடையில் செருப்பு அடுக்கை வையுங்கள். உள் மிதியடியைக் கிழமைக்கு ஒருமுறை துவைக்காவிட்டால் அதுவே தூசிக் கிடங்காகிவிடும்.

பெருக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேலிருந்து கீழாக வர வேண்டும்: முதலில் விசிறி இறக்கை, பிறகு ஜன்னல் கம்பி, அலமாரித் தட்டு, கடைசியாகத் தரை. விசிறி இறக்கையைப் பழைய தலையணை உறையால் மூடி, இழுத்துத் துடைத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். தட்டுகளையும் ஜன்னல் கம்பியையும் உலர்ந்த துணியால் தட்டுவது தூசியை இடம் மாற்றும் வேலை மட்டுமே. பிழிந்த ஈரத்துணியே தூசியைப் பிடிக்கும்.

மூன்றாம் படி: பொருளுக்கு இடம் வகுத்தல்

வீடு அலங்கோலமாகத் தெரிவதற்கு அழுக்கைவிட இடமில்லாத பொருள்களே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஒரு பொருள் நாள்தோறும் வெவ்வேறு இடத்தில் கிடந்தால் யாரைத் திட்டியும் பயனில்லை. அதற்கென ஓர் இடம் வகுக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். எனவே அடுக்கத் தொடங்கும் முன் இரண்டு மூன்று நாட்கள் எதையும் எடுத்து வைக்காமல், எந்தப் பொருள் எங்கே வந்து விழுகிறது என்று கவனியுங்கள். பிள்ளைகளின் புத்தகப்பை கட்டிலின் காலடியில் விழுந்தால், அதற்கான ஆணியையோ கூடையையோ அந்தக் கட்டிலின் காலடியிலேயே வையுங்கள். அலமாரிக்கு எடுத்துச் செல்லும்படி கட்டளையிட்டால் அது நான்கு நாள்கூட நிற்காது. சாவி, கண்ணாடி, அலைபேசி மின்னூட்டி ஆகியவற்றுக்குக் கதவருகே ஒரு சிறு தட்டு போதும்.

துணிதான் கடினமான பகுதி. துவைத்த துணிக்குப் பீரோ இருக்கிறது, அழுக்குத் துணிக்குக் கூடை இருக்கிறது. ஒருமுறை உடுத்தி, துவைக்கும் அளவுக்கு அழுக்காகாத துணிக்கு மட்டும் எந்த வீட்டிலும் இடம் கிடையாது. நாற்காலியின் முதுகில் குவியும் மலை இப்படித்தான் உருவாகிறது. கதவின் பின்புறத்தில் ஆளுக்கு இரண்டு கொக்கிகள் என்று வரையறுத்து, கொக்கி நிறைந்தால் மீதி அழுக்குக் கூடைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் நாற்காலி உட்காருவதற்குத் திரும்பக் கிடைக்கும். காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுக்கும்போதே ஆளுக்கொரு குவியலாகப் பிரித்து மடிப்பது, மாடியில் கூடுதலாகச் சில நிமிடங்கள் எடுத்தாலும், கட்டிலின் மேல் மூட்டையாகக் கொட்டிப் பிறகு பிரிப்பதைவிட எளிது. மொட்டை மாடியைப் பல குடித்தனங்கள் பகிர்ந்துகொள்ளும் கட்டடத்தில் யாருக்கு எந்த நாள் கொடி என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது சண்டையைத் தவிர்க்கும்.

பரண் என்பது மறதியின் கிடங்கு. அங்கே ஏற்றும் ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் உள்ளே இருப்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கடற்காற்றின் உப்பு இரும்பை அரிப்பதால், இரும்புப் பீரோவையும் பெட்டிகளையும் வெறுந்தரையில் வைக்காமல் மரக்கட்டையின் மேல் நிறுத்தி, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைப்பது நல்லது.

நான்காம் படி: சமையலறையும் மீனும்

சமையலறையில் நாள்தோறும் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரவில் தொட்டியில் ஒரு பாத்திரமும் இல்லாமல் படுக்கப் போவது. காலையில் தண்ணீர் வரும்போது தொட்டி காலியாக இருந்தால்தான் பிடிப்பதும் சமைப்பதும் முட்டிக்கொள்ளாமல் நடக்கும்.

ஞாயிறு காலையில் காசிமேட்டில் மீன் வாங்கும் வீடுகளுக்குத் தனிக்குறிப்பு தேவை. மீன் கழுவிய பாத்திரம், அரிவாள்மணை, கைகள் ஆகியவற்றை முதலில் குளிர்ந்த நீரால் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் ஒட்டியிருக்கும் சதையும் இரத்தமும் வெந்து இறுகிவிடும். அதன்பின் புளித்தண்ணீரோ எலுமிச்சையோ தேய்த்தால் வாடை போகும். கடல்மீனின் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை கொண்டது. புளிப்பு அதை முறித்துவிடுகிறது. குடல், செதில் ஆகியவற்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அன்றைய குப்பை வண்டியிலேயே சேர்ப்பது நல்லது. வண்டி போன பிறகு மீன் வந்தால், இறுக மூடிய டப்பாவில் போட்டு மறுநாள் வரை உறைபெட்டியில் வைக்கலாம். முகம் சுளிக்கும் மாமியார்களுக்கு ஒன்று சொல்லலாம்: அழுகாத கழிவு நாறுவதில்லை.

ஐந்தாம் படி: குளியலறை

துணி அலசிய கடைசித் தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றி, குளித்து முடித்ததும் சுவரையும் தரையையும் தண்ணீர் தள்ளும் கட்டையால் இழுத்துவிட்டால் பாசி பிடிப்பது வெகுவாகக் குறையும். ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி, ஜன்னலில்லாத சிறிய குளியலறையில் நுரையீரலைத் தாக்கும்.

ஆறாம் படி: குப்பை

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தது முதல் குப்பையை வகைவகையாக வீட்டிலேயே பிரிக்கும் கடமை நமக்கு உண்டு. பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காததற்கு; தீர்ந்த மின்கலம், காலாவதியான மருந்து போன்றவற்றை ஒரு தனி டப்பாவில் சேர்த்து வைக்கலாம். நாப்கினைத் தாளில் சுற்றி, தனியாக அடையாளம் தெரியும்படி கொடுக்க வேண்டும். பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளரின் கை அதில் படக் கூடாது. நகரின் வடபகுதிக் குப்பை நம் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்கே போய்ச் சேர்கிறது என்பதால், பிரிக்காமல் கொடுப்பதன் நாற்றமும் புகையும் மற்றவரைவிட நமக்குத்தான் முதலில் திரும்பி வரும்.

ஏழாம் படி: வேலையைப் பங்கிடுதல்

இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் உறங்குபவர் இருக்கும் வீட்டில் பாத்திரம் உருட்டும் வேலைகளை மாலைக்கு மாற்றிவிட்டு, அவர் உறங்கும்போது துணி மடிப்பு, காய் நறுக்குதல் போன்ற ஓசையற்ற வேலைகளை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் ‘வீட்டைச் சுத்தம் செய்’ என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. ‘செருப்பை அடுக்கில் வை, தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வை’ என்று அவரவருக்கு ஒரே வேலையை நிரந்தரமாகக் கொடுத்தால் நடக்கும். ஆண்பிள்ளைக்கு விலக்கு அளிக்க ஒரு காரணமும் இல்லை.

எட்டாம் படி: அக்டோபருக்கு முன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், தரைத்தளத்தில் வசிப்பவர்கள் கீழ்த்தட்டுப் பொருள்களை ஒருமுறை முழுவதும் மேலே ஏற்றிப் பார்க்க வேண்டும். மழை இரவில் எதை எங்கே வைப்பது என்று யோசிக்க நேரம் இருக்காது. ரேஷன் கார்டு, ஆதார், மின் கட்டண அட்டை, வீட்டுப் பத்திரம், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை இறுக மூடும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரணில் கையெட்டும் முனையில் வையுங்கள். வெள்ளம் புகுந்து வடிந்தால், சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில்) உள்ள தண்ணீரை இறைத்து வெளியேற்றி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவிய பிறகே மீண்டும் நிரப்ப வேண்டும். நீண்ட நேரம் மூடியிருந்த சம்ப்புக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து போதிய நேரம் காற்றாடவிட்டு, மேலே ஒருவர் நிற்க, பழக்கப்பட்ட ஆளைக் கொண்டே அந்த வேலையைச் செய்விக்க வேண்டும்.