கோஜி யாகுஷோவின் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது? தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

ஜப்பானியத் திரைப்படங்களைப் பார்க்கத் தொடங்கும் பலர் இயக்குநர்களின் பெயர்களைப் பிடித்துக்கொண்டே முன்னேறுகிறார்கள். ஒரே நடிகரைப் பின்தொடர்ந்து செல்வதும் அதற்குச் சற்றும் குறையாத வழி. அதற்கு மிகப் பொருத்தமானவர் கோஜி யாகுஷோ என்பது என் உறுதியான கருத்து. ஷோஹெய் இமாமுரா, கியோஷி குரோசவா, தகாஷி மீகே, ஹிரோகாசு கொரே-எடா, மிவா நிஷிகாவா, விம் வெண்டர்ஸ் என ஒருவர் பாணி மற்றவர் பாணியோடு ஒட்டாத இயக்குநர்கள் பலரும் இவரை நாடி வந்திருக்கிறார்கள். இவர் ஏற்ற முக்கியப் பாத்திரங்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலை செய்து பிழைப்பவர்கள். அந்த வேலையில் ஈடுபட்டிருக்கும் உடலைக் கவனிக்கப் பழகிவிட்டால் இவருடைய நடிப்பின் சூட்சுமம் பிடிபட்டுவிடும். கீழே உள்ள படிகள் அதற்காகவே அமைக்கப்பட்டவை.

படி 1: முன்கதையைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுங்கள்

யாகுஷோ 1956 ஜனவரி 1 அன்று நாகசாகி மாநிலத்தின் இசஹாயாவில் பிறந்தவர். இயற்பெயர் ஹாஷிமோட்டோ. தோக்கியோவில் சியோடா வட்டார அலுவலகத்தில் ஊழியராக இருந்தபோது, தத்சுயா நகாடாய் நடித்த கார்க்கியின் நாடகம் ஒன்றைப் பார்த்து மனம் மாறினார். 1978-இல் நகாடாய் நடத்திய முமெய்ஜுகு நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். இன்று நாம் அறியும் பெயர் அங்கே கிடைத்தது; அவர் விட்டு வந்த அலுவலகமே அந்தப் பெயருக்கு மூலம் (‘யாகுஷோ’ என்றால் ஜப்பானிய மொழியில் அரசு அலுவலகம்). அவருடைய பெயரைத் தேடும்போது, ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயரை முன்வைத்து ‘யாகுஷோ கோஜி’ என்றும் தேடிப் பாருங்கள். பழைய தொலைக்காட்சித் தொடர்கள் பெரும்பாலும் அப்படித்தான் அகப்படும்.

படி 2: ‘ஷல் வி டான்ஸ்?’ படத்தில் தொடங்குங்கள்

காலவரிசைப்படி பார்க்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. மசயுகி சுவோ இயக்கிய இந்த 1996-ஆம் ஆண்டுப் படம் எவரையும் எளிதில் உள்ளிழுத்துக்கொள்ளும். வீட்டுக் கடனும் ஒழுங்கான குடும்பமும் உடைய கணக்காளர் ஒருவர், மாலை ரயிலின் சன்னல் வழியே நடனப் பள்ளியில் நிற்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல் நடனம் கற்கச் செல்கிறார். அலுவலக மேசைக்கு அடியில் அவருடைய கால்கள் அடவு பழகிக்கொண்டிருக்க, மேசைக்கு மேலே முகம் கணக்குப் பார்ப்பவரின் முகமாகவே இருக்கும் காட்சியை நிறுத்தி இரண்டாம் முறை பாருங்கள். மகிழ்ச்சியை மறைக்க முயலும் ஒருவரை, மறைப்பதைப் பெரிதுபடுத்தாமல் நடித்துக் காட்டுவது எவ்வளவு கடினம் என்பது அப்போது விளங்கும். ஜப்பானிய அகாதமியின் சிறந்த நடிகர் விருது இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது.

படி 3: 1997-ஆம் ஆண்டில் சில நாள் தங்குங்கள்

இந்தப் படியை அவசரப்படுத்தாதீர்கள். ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பதைவிட அவரை அறிய நல்ல வழி இல்லை.

முதலில் இமாமுராவின் ‘தி ஈல்’. மனைவியைக் கொன்று, தானே மிதிவண்டியில் காவல் நிலையம் சென்று சரணடைந்து, எட்டாண்டு சிறையிலிருந்து வெளிவரும் ஒருவர், சிற்றூர் ஒன்றில் முடிதிருத்தும் கடை தொடங்குகிறார். மனிதர்களிடம் பேசத் தயங்கும் அவர், சிறையிலேயே பழகிய ஒரு விலாங்கு மீனிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுகிறார். தொடக்கக் கொலைக் காட்சி கொடூரமானது. குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். அதன்பிறகு, கடையில் வாடிக்கையாளரின் தலையைத் தொடும்போது அந்தக் கைகளில் இருக்கும் அடக்கத்தையும், மற்றவர்கள் அருகே வரும்போது தோள்கள் இறுகுவதையும் கவனியுங்கள். இப்படம் அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமியின் படத்துடன் அவ்விழாவின் உச்ச விருதான தங்கப்பனையைப் பகிர்ந்துகொண்டது.

அடுத்து கியோஷி குரோசவாவின் ‘க்யூர்’. ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத கொலையாளிகள் ஒரே விதமான வெட்டுக் காயத்தை விட்டுச் செல்லும் வழக்கை விசாரிக்கும் தகாபே என்ற துப்பறிவாளராக யாகுஷோ நடித்திருக்கிறார். வீட்டில் மனநலம் குன்றிய மனைவி துணியே இல்லாமல் சலவை இயந்திரத்தை ஓடவிட்டிருக்கிறார். திரும்பி வரும் தகாபே ஒரு சொல்லும் பேசாமல் அதை நிறுத்துகிறார். அந்தச் சிறு செயலில் ஒரு திருமண வாழ்வின் களைப்பு முழுவதும் இருக்கிறது. பின்னர், கேள்வி கேட்க வேண்டிய துப்பறிவாளரே சந்தேக நபரின் முன்னால் தன் மனக்குமுறலைக் கொட்டித் தீர்க்கும் இடத்தில், அதுவரை அடக்கி வைத்தது எவ்வளவு என்பது ஒரேயடியாகத் தெரிகிறது. குரோசவா கேமராவைப் பெரும்பாலும் தள்ளியே வைப்பவர். ஆகவே முகத்தைத் தேடாமல் நடையையும் நிற்கும் விதத்தையும் பாருங்கள். என் கணிப்பில் அவருடைய மிகச் சிறந்த நடிப்பு இதுவே.

படி 4: தொலைக்காட்சிக்குத் திரும்பிச் செல்லுங்கள்

திரைப்பட ரசிகர்கள் பலர் தவறவிடும் படி இது. யாகுஷோவை ஜப்பான் முழுவதும் அறியச் செய்தது தொலைக்காட்சிதான். என்எச்கே நிறுவனம் ஞாயிறுதோறும் ஆண்டு முழுவதும் ஒளிபரப்பும் டைகா வரலாற்றுத் தொடர் வரிசையில், 1983-இன் ‘தொகுகாவா இயெயாசு’வில் பதினாறாம் நூற்றாண்டுப் போர்த் தலைவர் ஓதா நொபுநாகாவாக அவர் தோன்றினார். தொடர்ந்து புகழ்பெற்ற வாள்வீரரைப் பற்றிய ‘மியாமோட்டோ முசாஷி’ தொடரில் நாயகனானார். இந்தப் பழைய தொடர்கள் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், தொடக்கநிலையினர் 2017-இன் ‘ரிகுவோ’வைத் தேர்ந்தெடுக்கலாம். சைத்தாமா மாநிலத்தின் கியோதா நகரில், நூறாண்டு கடந்த தபி என்னும் மரபுக் காலுறை தயாரிக்கும் நிறுவனத்தின் நொடிந்த முதலாளி, ஓட்டப்பந்தயக் காலணி செய்யத் துணிகிறார். திரைப்படங்களில் குரலை அடக்கியே பேசும் இவர் இங்கே உரத்து உணர்ச்சிவசப்படுகிறார். வாராந்தரத் தொடரின் தேவை அது என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள். ஃபுக்குஷிமா அணு உலை விபத்தைப் பற்றிய 2023-இன் நெட்ஃபிளிக்ஸ் தொடர் ‘தி டேஸ்’ எட்டுப் பகுதிகள் கொண்டது. அதில் அவர் நிலைய மேலாளராக நடிக்கிறார்.

படி 5: நீண்ட படத்துக்கும் கனமான படங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்

ஷின்ஜி அயோயாமாவின் ‘யுரேகா’ 217 நிமிடம் ஓடுகிறது. பேருந்துக் கடத்தலில் உயிர் தப்பிய ஓட்டுநர் ஒருவரும் இரண்டு குழந்தைகளும் மீண்டு வரும் கதை. களம் யாகுஷோ பிறந்த கியூஷூ தீவு. இரண்டு மாலைகளாகப் பிரித்துப் பார்ப்பதில் தவறில்லை.

மீகேயின் ‘13 அசாசின்ஸ்’ இதற்கு நேர்மாறான வாள்வீச்சுப் படம். கொரே-எடாவின் ‘தி தேர்ட் மர்டர்’ படத்தில் சிறைச் சந்திப்பறையின் கண்ணாடியில் கைதியின் முகமும் வழக்கறிஞரின் முகமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் காட்சிக்காகக் காத்திருங்கள். நிஷிகாவாவின் ‘அண்டர் தி ஓபன் ஸ்கை’யில், பதின்மூன்று ஆண்டு சிறைவாசத்துக்குப் பின் வெளிவரும் முன்னாள் யாகூசா (ஜப்பானியக் குற்றக் கும்பல் உறுப்பினர்) ஒருவர் ஓட்டுநர் உரிமத்துக்காகத் தடுமாறுகிறார், சிரிப்பும் சங்கடமும் ஒன்றாக வரும் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

படி 6: இப்போது ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ பாருங்கள்

பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். முந்தைய படிகளுக்குப் பிறகு பார்ப்பவருக்கே இதன் முழுப் பலன் கிட்டும். தோக்கியோவின் ஷிபுயாவில் பொதுக் கழிப்பறைகளைத் துப்புரவு செய்யும் ஹிராயாமா, கண்ணுக்குப் படாத அடிப்பகுதியைச் சிறு கண்ணாடி பிடித்துப் பார்த்துத் துடைக்கிறார். வசனம் மிகக் குறைவு. கணக்காளர், முடிதிருத்துநர், துப்பறிவாளர், ஓட்டுநர் என நீங்கள் அதுவரை பார்த்த உழைப்பாளிகள் அனைவரும் இந்த மனிதரின் கைகளில் வந்து சேர்ந்திருப்பதை உணர்வீர்கள். 2023-இல் கான் விழாவின் சிறந்த நடிகர் விருது இதற்காக அவருக்கு வழங்கப்பட்டது; 2004-இல் யூயா யாகிரா பெற்றதற்குப் பிறகு ஜப்பானிய நடிகர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது இதுவே முதல்முறை.

படி 7: சிறு வேடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஜூசோ இதாமியின் ‘டம்போபோ’வில் வெள்ளை உடையணிந்த உணவுப் பிரியர், ‘பேபல்’ படத்தில் வாய்பேசாத மகளின் தந்தை என இவர் தோன்றும் நேரம் குறைவாக இருந்தாலும் பார்க்கத்தக்க வேடங்கள் பல உள்ளன. 2009-இல் அவரே இயக்கி நடித்த ‘டோட்ஸ் ஆயில்’ படத்தை இவற்றுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படமானாலும் ஜப்பானிய ஒலித்தடத்தோடு வசன வரிகளைப் படித்தபடியே பாருங்கள். மொழிமாற்றுக் குரலில் அவருடைய தயக்கங்களும் இடைவெளிகளும் காணாமல் போய்விடும்.