துரு போகவில்லை, குற்றவாளி சார்ஜர்

அப்பாவின் பழைய பைக்கில் சென்டர் ஸ்டாண்டும் டூல் பாக்ஸும் துருவேறிக் கிடந்தன. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மேலே பளபளப்பு, குழிகளில் துரு அப்படியே. வினிகரில் ஒரு இரவு ஊறவைத்தால் துரு போனது. ஆனால் கழுவி வைத்த அரை மணியில் ஆரஞ்சு நிறத்தில் திரும்பி வந்தது.

அப்புறம் மின்பகுப்பு, அதாவது சோடா கரைத்த தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுக்கும் முறை. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப் துருவேறிய பாகத்துக்கு, பாசிட்டிவ் கிளிப் ஒரு கட்டடக் கம்பிக்கு. (எவர்சில்வர் கூடாது, குரோமிய விஷம் வரும்.) ஒரு குமிழி கூட வரவில்லை. கிளிப்பைச் சுரண்டினேன், சோடாவைக் கூட்டினேன், இரண்டு நாள் போச்சு.

விஷயம் சார்ஜரில் இருந்தது. அது ஆட்டோமேட்டிக் வகை. எதிரே பேட்டரியின் வோல்டேஜ் தெரிந்தால்தான் கரண்டே விடும். ஒரு பழைய பேட்டரியைச் சார்ஜரோடு இணையாகச் சேர்த்தேன், பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். உடனே நுரை கிளம்பியது. கம்பியும் பாகமும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேட்டரி ஷார்ட் ஆகிவிடும். வருவது ஹைட்ரஜன் என்பதால் வேலை மொட்டைமாடியில்தான்.

கம்பியைப் பார்த்த பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகிறது. அதனால் மூன்று மணிக்கொரு முறை, சுவிட்சை அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, பாகத்தைத் திருப்பி வைத்தேன். மறுநாள் கறுப்புப் படிவு மட்டும் மிச்சம். பாத்திரம் தேய்க்கும் நாரிலேயே போய்விட்டது. கழுவி, ஹேர் டிரையரில் காயவைத்து, கையோடு பிரைமர் அடித்தேன்.