சின்ன அலைக்கு எந்த அளவு சப் போர்டு?

சப் போர்டில், அதாவது நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் பலகையில், அலையேறுகிறவர்களுக்குப் பெரும்பாலான நாட்களில் கிடைப்பது முழங்காலிலிருந்து இடுப்பு வரை எழும் அலைதான். ஆனால் புதுப் போர்டு தேடத் தொடங்கியதும் மனசு தலைக்கு மேல் எழும் அலைக்குப் போய்விடுகிறது. போட்டிகளில் ஓட்டுகிற ஏழேகால் அடிப் போர்டு கண்ணிலேயே நிற்கும். அதற்குப் பயந்தவர்கள், அமைதியான தண்ணீரில் ஓட்ட வாங்கிய பத்தரை அடிப் போர்டையே அலைக்கும் தூக்கிக்கொண்டு போவார்கள். முதல் போர்டில் அலையைப் பிடிப்பதே பெரும்பாடு. இரண்டாவதில் அலை கிடைக்கும், ஆனால் அதில் திரும்புவதற்குள் அலை முடிந்துவிடும்.

என் எடை 78 கிலோ. சின்ன அலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்; பெரிய அலை வரட்டும் என்று கரையில் காத்திருக்கிற ஆள் இல்லை நான். போர்டு வாங்கப் போகும் நண்பர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: நீளத்தைத் தாராளமாகக் குறையுங்கள், லிட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் லிட்டர் கணக்கு

பெரும்பாலான போர்டுகளில் நீளம், அகலம், தடிமன் மூன்றுக்கும் பக்கத்தில் லிட்டரும் அச்சிட்டிருக்கும். போர்டு முழுவதும் தண்ணீருக்குள் அமுங்கினால் எவ்வளவு தண்ணீரை ஒதுக்கும் என்பதுதான் அந்த எண். ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ எடை. அப்படியென்றால் நம்மையும் போர்டையும் சேர்த்து மிதக்க வைக்க எத்தனை லிட்டர் வேண்டும் என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம்.

என் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உடம்பு 78 கிலோ. போர்டு ஏறக்குறைய 8 கிலோ. துடுப்பு, லீஷ் (போர்டைக் காலோடு கட்டும் கயிறு), நனைந்த உடுப்பு எல்லாம் சேர்த்து 2 கிலோ. மொத்தம் 88. இதை 1.025 ஆல் வகுத்தால் 86 லிட்டர். ஆக, 86 லிட்டர் போர்டில் நான் ஏறி நின்றால் போர்டு முழுசாகத் தண்ணீருக்குள் போய், மூழ்கவும் மாட்டாமல் மிதக்கவும் மாட்டாமல் நிற்கும். அதற்கு மேல் இருப்பதைத்தான் நான் மிச்ச லிட்டர் என்று சொல்வேன். 105 லிட்டர் போர்டு என்றால் மிச்சம் 19. 120 லிட்டர் என்றால் 34. தண்ணீர் குலுங்கும்போது காலடியில் போர்டு அமைதியாக இருக்குமா, நழுவப் பார்க்குமா என்பதில் பெரும்பங்கு இந்த மிச்சத்துக்குத்தான்.

உடல் எடையை ஒரு எண்ணால் பெருக்கிச் சொல்வதும் வழக்கம். அலையில் இப்போதுதான் பழகுகிறவர்களுக்கு 1.7 மடங்கு, ஓரளவு கை வந்தவர்களுக்கு 1.4 முதல் 1.5, நன்றாகத் தேறியவர்களுக்கு 1.2 என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன அலைக்கு என் விருப்பம் 1.5. அதாவது எனக்கு 117 லிட்டர் அளவில். ஆனால் எடை குறைந்தவர்களுக்கு இந்தப் பெருக்கல் கொஞ்சம் கஞ்சத்தனமாக இருக்கும். 50 கிலோ இருப்பவருக்கு 1.5 மடங்கு 75 லிட்டர். போர்டு எடையும் மற்றதும் போக மிச்சம் 16தான். 95 கிலோ இருப்பவருக்கோ அதே கணக்கில் 142 லிட்டர் வரும், மிச்சம் 40. போர்டின் எடை ஆளின் எடையைப் போல அவ்வளவாக மாறுவதில்லை என்பதால் வரும் வித்தியாசம் இது. அதனால் எடை குறைந்தவர்கள் 1.6, 1.7 மடங்கு எடுத்தால் எந்தத் தப்பும் இல்லை.

சின்ன அலைக்கு ஏன் இவ்வளவு லிட்டர்? பெரிய அலை தானே தூக்கிக்கொண்டு போய்விடும். சின்ன அலையில் அந்தத் தள்ளுவிசை கிடையாது. அலையின் வேகத்துக்கு நாம்தான் துடுப்புப் போட்டு எட்ட வேண்டும். பாதி அமுங்கிய போர்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், வேகம் ஏறாது. அப்புறம் காத்திருக்கும் நேரம் இருக்கிறது. படுத்து ஓட்டுகிறவர்கள் அலைக்கு அலை போர்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். நாம் அந்த நேரத்திலும் நின்றுகொண்டிருக்கிறோம். காற்று கிளப்பிய சிறுசிறு அலையில் ஒரு மணி நேரம் சமநிலைக்குப் போராடிவிட்டால், நல்ல அலை வரும்போது காலில் தெம்பு இருக்காது.

அகலத்தில் ஒரு இன்ச் பெரிய விஷயம்

நீளத்தில் மூன்று இன்ச் கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரியாது. அகலத்தில் ஒரு இன்ச் ஏறி நின்ற நொடியிலேயே தெரிந்துவிடும். 60 கிலோவுக்குள் இருப்பவர்களுக்கு 28 அல்லது 29 இன்ச், 75, 80 கிலோ என்றால் 30 அல்லது 31, 90 தாண்டினால் 32 என்பது சின்ன அலைக்கு நான் சொல்லும் அளவு. உயரமானவர்கள் அரை இன்ச் கூட்டிக்கொள்ளலாம், அவர்களின் எடை மேலே தூக்கி நிற்பதால். 32க்கு மேலே போனால் வேறு தொந்தரவு: துடுப்பை நேராக இறக்க முடியாமல் கை வெளியே நீளும், ஒவ்வொரு வீச்சுக்கும் போர்டின் மூக்கு எதிர்ப்பக்கம் ஓடும். ஒரு ரெயிலிலிருந்து (போர்டின் பக்கவாட்டு ஓரம்) மறு ரெயிலுக்குச் சாய்ப்பதும் மெதுவாகிவிடும்.

அகலம் என்று அச்சிட்டிருப்பது போர்டின் மிக அகன்ற இடத்து அளவு. சின்ன அலைக்கு அதைவிட முக்கியம் டெயிலின், அதாவது பின்பகுதியின், அகலம். அதை அளக்க, பின்நுனியிலிருந்து 12 இன்ச் முன்னால் வந்து குறுக்கே டேப் பிடியுங்கள். ஒரே லிட்டர் போட்ட இரண்டு போர்டுகளில் இந்த இடத்தை அளந்து பார்த்தால், எது சின்ன அலைக்குச் செய்தது என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அகன்ற டெயில் பலம் குறைந்த அலையிலும் சீக்கிரம் தூக்கிக்கொடுக்கும். பின்னங்காலை டெயிலில் வைத்துப் போர்டைத் திருப்பும்போதும் அது தாங்கும். ஊசி போல ஒடுங்கிய டெயில் பெரிய, வேகமான அலைக்கானது. இடுப்பு உயர அலையில் அது அமுங்கி நின்றுவிடும்.

நீளம் அலையைப் பொறுத்தது

சின்ன அலை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தட்டையான அடிமணல் மேல் மெதுவாக உருண்டு வந்து, நெடுநேரம் ஓடும் மென்மையான அலை ஒன்று. அதற்கு 9 முதல் 10 அடி வரை உள்ள லாங்போர்டு வகை அருமையாக இருக்கும். அலை உடைவதற்கு வெகு முன்பே வேகம் பிடித்துவிடும், மூக்குவரை நடந்து போய் நிற்கலாம். இன்னொன்று, கரைக்குப் பக்கத்தில் சட்டென்று செங்குத்தாக எழுந்து சீக்கிரமே முடிந்துபோகும் அலை. அதன் முகமே சிறியது. நீளமான போர்டு அந்த முகத்தில் அடங்காது; இறங்கும்போதே மூக்கு தண்ணீருக்குள் குத்தும். அங்கே ஏழரை முதல் எட்டரை அடி வரை, குட்டையாக, அகலமாக இருப்பதுதான் சரி.

அலைக்கும் அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். அலை முன்னறிவிப்பில் அலை உயரத்துக்குப் பக்கத்திலேயே அது போட்டிருக்கும். ஆறு ஏழு விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை; பலம் குறைவு, நெருக்கி நெருக்கி வரும். அதே உயரத்தில் பத்து விநாடிக்கு மேல் என்றால் தூரத்திலிருந்து வரும் அலை, தள்ளுவிசை நன்றாகவே இருக்கும். நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் ஆறு ஏழு விநாடி அலைதான் அதிகம் என்றால் லிட்டரை இன்னும் ஒரு ஐந்து கூட்டியே எடுங்கள்.

குட்டைப் போர்டுக்கு ஒரு விலை உண்டு. நேராகப் போகாது. இரண்டு மூன்று வீச்சுக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இது பழக்கத்தில் வரக்கூடியதுதான், அதற்காக நீளத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு இரண்டு போர்டு: 8 அடி 2 இன்ச் நீளம், 31 இன்ச் அகலம் ஒன்று. 9 அடி 6 இன்ச் நீளம், 29 இன்ச் அகலம் இன்னொன்று. தடிமன் இரண்டுக்கும் 4.2 இன்ச் என்றால் லிட்டரும் 120ஐ ஒட்டியே வரும். நின்று காத்திருக்கும்போது முதலாவது பக்கவாட்டில் ஆடாது. இரண்டாவது முன்பின் ஆடாது. என் கை முதலாவதுக்குத்தான் போகும், ஏனென்றால் எனக்குத் திருப்பங்கள் பிடிக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் அமைதியான சவாரி பிடித்தவர்கள் இரண்டாவதை எடுக்கட்டும்.

கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை

லிட்டர் எத்தனை என்பதோடு அது போர்டில் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். போர்டின் ஓரத்தை, அதாவது ரெயிலை, நடுவில் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையே பிடித்துப் பாருங்கள். பெட்டி விளிம்பு போலத் தடிமனாக இருந்தால் நிற்க உறுதியாக இருக்கும், ஆனால் சின்ன அலையின் குறைந்த வேகத்தில் அந்த ஓரத்தைத் தண்ணீருக்குள் அழுத்தவே முடியாது. போர்டு திரும்ப மறுக்கும். டெக், அதாவது நாம் நிற்கும் மேல்பக்கம், நடுவில் தட்டையாக இருந்து, ஓரத்துக்கு வரும்போது மெல்லக் குறைந்து வருவதைத் தேடுங்கள்.

அடுத்தது ராக்கர், அடிப்பக்கத்தின் வளைவு. போர்டைக் கவிழ்த்து வைத்து, துடுப்பின் தண்டை அதன் நடுவில் நீளவாக்கில் கிடத்துங்கள். தண்டுக்கும் போர்டுக்கும் இடையே தெரியும் இடைவெளிதான் வளைவு. நடுவிலிருந்து டெயிலுக்குப் போகிற பகுதியில் அந்த இடைவெளி குறைவாக இருந்தால் சின்ன அலையில் வேகம் சுலபமாக வரும். மூக்கில் கொஞ்சம் தூக்கல் இருக்கட்டும்.

காற்று நிரப்பும் போர்டு அலைக்கு வேண்டாம். ஐந்து, ஆறு இன்ச் தடிமனும் உருண்ட ஓரமுமாக இருப்பதால் அது அலையின் முகத்தைக் கவ்வாது, வழுக்கிக்கொண்டு போகும். துடுப்புப் போடப் பழக அது நல்லது, அவ்வளவுதான். ஃபின், அதாவது டெயிலுக்கு அடியில் பொருத்தும் சிறு தகடு, பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். மூன்று ஃபின்னில் தொடங்குங்கள், டெயில் ரொம்ப அகலம் என்றால் பிறகு நான்கு போட்டுப் பாருங்கள்.

வாங்கும் முன் ஏறி நில்லுங்கள்

என் நண்பர் ஒருவர், 68 கிலோ. 10 அடி 6 இன்ச், 32 இன்ச் அகலப் போர்டில் நன்றாக ஓட்டுவார். நேரே 7 அடி 4 இன்ச், 88 லிட்டர் போர்டுக்குப் போக ஆசைப்பட்டார். முதலில் இரவல் வாங்கி ஏறிப் பார்க்கலாம் என்றேன். அவருக்கு மிதக்கத் தேவை 76 லிட்டர். மிச்சம் வெறும் 12. அசையாத தண்ணீரில் நின்றார். ஒரு சின்னக் குலுக்கல் வந்ததும் மூக்கு உள்ளே போனது, எடையைப் பின்னால் மாற்றினார், டெயில் உள்ளே போனது. நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விரல்களும் டெக்கைக் கவ்விக்கொண்டு வெளுத்துப் போயிருந்தன. அடுத்து 8 அடி 4 இன்ச், 30 இன்ச், 112 லிட்டர் ஒன்றில் ஏறினார். விரல்கள் விரிந்து படிந்தன. அதையே வாங்கினார், இப்போது அதில் அவர் எடுக்கும் திருப்பங்களைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். போர்டின் நடுவில் இரண்டு பாதமும் இணையாக வைத்து நின்று, ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்க்கோடு டெக்குக்குக் கீழே நின்றால் நல்லது. டெக் மேல் தண்ணீர் ஏறினால் சின்ன அலைக்கு அது உங்களுக்குச் சிறிய போர்டு. அப்புறம் தலையை மட்டும் திருப்பித் தோளுக்கு மேலாகப் பின்னால் பாருங்கள், அலையைத் தேடுகிற மாதிரி. ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்துப் போர்டைச் சுழற்றிப் பாருங்கள். இதையெல்லாம் களைத்துப்போன பிறகு, காற்று அடிக்கும் நேரத்தில் இன்னொரு தடவை செய்யுங்கள். நன்னீரில் சோதித்தால் போர்டு கடலைவிடக் கொஞ்சம் கூடுதலாக அமுங்கும்; என் எடைக்கு அது ஏறத்தாழ 2 லிட்டர் வித்தியாசம்.

இருக்கிற போர்டிலிருந்து சிறியதுக்கு இறங்கும்போது அகலத்தை ஒரே தாவலில் 2 இன்ச்சுக்கு மேல் குறைக்காதீர்கள். போர்டு குட்டையானால் லீஷும் அதே நீளத்துக்கு மாற வேண்டும். துடுப்பும் அப்படித்தான்: அலைக்கு உங்கள் உயரத்தைவிட 4 முதல் 6 இன்ச் கூடுதலாக இருந்தால் போதும்.

பழைய போர்டு வாங்குகிறவர்கள் தராசு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் நீங்கள் மட்டும், பிறகு போர்டைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, வித்தியாசத்தைத் தயாரிப்பாளர் சொல்லும் எடையோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் காட்டினால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம், அல்லது பலமுறை ஒட்டுப்போட்டிருக்கலாம். ஃபின் பெட்டியைச் சுற்றியும் ரெயில் ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கும் இடம் இருந்தால் அந்தப் போர்டை விட்டுவிடுங்கள். கூடுகிற ஒவ்வொரு கிலோவும் உங்கள் மிச்சத்திலிருந்து ஒரு லிட்டரை எடுத்துக்கொள்ளும், அதனால் மேலே அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பாமல் தராசு காட்டிய எடையை வைத்தே கணக்குப் போடுங்கள்.